தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்கிறோம்

யாராவது கொஞ்சம் மாறுதலாக நடந்துகொண்டால் "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லும் பழக்கம் மலேசியாவில் இன்னும் போகவில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த ஊர்தான் என் ஊர். 1911-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையில், இன்றைய உலு கிந்தா பகாகியா மருத்துவமனையில், தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். ஊர்ப்பெயரை வசவாக்குவதால் எங்கள் மானம் போய்விடாது. அந்த வசவுக்குப் பயந்து சிகிச்சைக்கே வராமல் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது.

வருகிறவர்களும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். "தூக்கம் வரல மிஸ்ஸி." "தலை பாரமா இருக்கு." "உள்ளங்கால் எரியுது." நம் பெண்கள் பெரும்பாலும் உடம்பைத்தான் சொல்வார்கள். கணவர் இறந்தது, சிங்கப்பூர் போன மகன் பேசாமல் இருப்பது, ஆலோங் என்ற கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடன் எல்லாம் அடுத்தடுத்த முறை வரும்போதுதான் மெல்ல வெளியே வரும். ஆண்கள் அதுவும் சொல்ல மாட்டார்கள். மனைவி பேசுவார், கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உடம்பை மட்டும் சொல்லும் இந்தப் பழக்கம் ரப்பர் தோட்டத்தில் வந்தது என்பது என் எண்ணம். என் அம்மா பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரெஸர் தொட்டுப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் கத்தி பிடிக்கக் கை வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? உடம்பு நோவுக்கு மட்டுமே செவி கிடைத்த இடத்தில், மன நோவும் உடம்பு நோவாகவே பேசப் பழகிக்கொண்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் ஈப்போ பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனார்கள். லயத்தில் ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். யாராவது ஒரு அத்தை எழுந்து வருவார். மாடி வீட்டில் கதவைச் சாத்திவிட்டால் அதுவும் கிடையாது.

மறைப்பதன் விலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்து அட்டையை மைலோ டின்னுக்குள் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள் என்றால் அந்த டின் திறக்கப்படாது. சில நாள் மாத்திரை தவறும், தூக்கம் கெடும், பழைய பயம் திரும்பும். விருந்தினர் போன பிறகு அந்தப் பெண்ணை மறுபடி வார்டில் பார்ப்போம். குறையே இல்லாத குடும்பம் என்று நாலு பேரிடம் காட்டியதற்கு அவள் கொடுத்த விலை அது. அவள் அம்மாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்கும் இதைச் சொல்லி அழ ஒருவர் இல்லை.

2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. 2023-இல் அது 4.6 விழுக்காடு, ஏறக்குறைய 10 லட்சம் பேர். எந்த இனத்துக்கும் இதில் விலக்கு இல்லை. அதே 2023-இல் ஒரு நல்லதும் நடந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. சாவின் விளிம்பிலிருந்து மீண்டவருக்கு ஓராண்டு வரை சிறை என்று மிரட்டிய பிரிவு அது. போலீஸுக்குப் பயந்து 'விபத்து' என்று பொய் சொன்ன குடும்பங்களுக்கு இனி அந்தப் பயம் வேண்டாம். நம் சனங்களில் பலருக்கு இந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை.

மனம் விட்டுப் பேச வருகிறவரிடம் "தைரியமா இரு", "சாமியைக் கும்பிடு, சரியாயிடும்" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்கிறோம், தெரியும். ஆனால் அந்தச் சொல்லோடு அவர் வாய் மூடிக்கொள்கிறது. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருங்கள். "முழுசா குணமாயிடுமா மிஸ்ஸி?" என்று கேட்பார்கள். சிலருக்கு ஆகும். சிலருக்கு மாத்திரை நெடுநாள் தொடரும், நடுவில் படுக்கையை விட்டு எழ முடியாத நாள்களும் வரும். அப்படியே வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்க வைத்து, பேரன் பேத்தி பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

உதவிக்கு அரசின் 15555 தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் எண்ணைத் தேடிப் பிடித்து அழைக்கும் தெம்பு எல்லாருக்கும் இராது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் எத்தனை தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம்! அவற்றில் ஒன்றின் ஓரத்தில், கூட்டம் பார்க்காதபடி ஒரு தடுப்பு கட்டி, இரண்டு நாற்காலி போட்டு, தமிழ் பேசும் மனநல ஆலோசகர் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். கோயில் நிர்வாகமும் பந்தல் போடும் இளைஞர் சங்கங்களும் இந்த ஆண்டே முன்வரட்டும். முதல் நாளே வந்து நாற்காலி தூக்கிப் போட நான் தயார்.