கானானில் யாருக்குச் சேரி?

இஸ்ரயேல் மக்கள் நாம்தான் என்று ஒரு தடவையாவது சொல்லாத சாமியார் தமிழ்நாட்டில் உண்டா? செங்கல் அறுத்த அடிமைகள் நாம். பார்வோன் சாதிக்காரன். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கிற பாதைதான் செங்கடல். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. தலித் இறையியல் பேசியவர்கள் இதைக் கோட்பாடாகவே கட்டி எழுப்பினார்கள். 1981இல் பெங்களூரில் உரை நிகழ்த்திய அர்விந்த் நிர்மல், இணைச்சட்ட நூலில் முதற்பலனைக் கூடையில் வைத்துப் படைக்கும் குடியானவன் தன் மூதாதை நாடற்றவன் என்று அறிக்கையிடுவதைத் தலித்துகளின் அறிக்கையாகப் பின்னர் வாசித்துக் காட்டினார். அந்த வாசிப்பில் வளர்ந்தவன் நான். அதை மறுக்க வரவில்லை. கதையை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம் என்பதில்தான் என் சண்டை.

செங்கடலோடு நிறுத்திவிடுகிறோம். தண்ணி பிளந்தது, சனங்க கடந்தாங்க, தேரும் குதிரையும் முழுகிப்போச்சு, மிரியாம் கொட்டடித்து ஆடினாள், ஆமென். (மிரியாம் கையில் இருந்தது வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய கருவி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைத் தம்புரு ஆக்கிவிட்டது. பறை என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. அது தனிச் சண்டை.)

இன்னும் சில ஏடுகள் தள்ளிப் புரட்டுங்கள். யோசுவா, ஒன்பதாம் அதிகாரம். கிபயோன் ஊர்க்காரர்கள் கிழிந்த துணியும் பூசணம் பூத்த ரொட்டியுமாக வந்து, தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்று பொய் சொல்லி உடன்படிக்கை வாங்கிக்கொள்கிறார்கள். பொய் சொல்லாவிட்டால் எரிகோவுக்கும் ஆயிக்கும் நடந்தது தங்களுக்கும் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். குட்டு வெளிப்பட்டதும் உயிர்ப்பிச்சை உண்டு. கூடவே தண்டனையும் உண்டு. சபைக்கும் பலிபீடத்துக்கும் விறகு வெட்டணும், தண்ணி சுமக்கணும். எத்தனை நாளைக்கு? காலத்துக்கும்! நேத்து வரைக்கும் செங்கல் அறுத்தவன் இன்னைக்கு இன்னொருத்தன் தலையில் பரம்பரைத் தொழிலை எழுதுகிறான். குழி வெட்டுவதும் சாவு சொல்லப் போவதும் யார் தலையில் எழுதப்பட்டது என்று தெரிந்த சேரிக்கு இந்த அதிகாரத்தை விளக்க எந்த இறையியல் கல்லூரியும் வேண்டியதில்லை.

இது மூவாயிரம் வருசத்துக் கதைதானே என்பவர்கள் எறையூருக்கு வரட்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டை பக்கம். 2008இல் அது விழுப்புரம் மாவட்டம். வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே பங்குக் கோயிலின் மக்கள். ஆனால் தலித் பிணத்துக்கு வேறு வழி, வேறு வண்டி, வேறு கல்லறை. இது தாங்காமல்தான், நாங்கள் கட்டிய சகாய மாதா கோயிலையே தனிப்பங்காக்கிக் கொடுங்கள் என்று கேட்டுத் தலித்துகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9 அன்று சேரி தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் செத்தார்கள். பங்குக் கோயிலைப் பூட்டினார்கள்.

அந்த நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உலகம் பூராவும் கத்தோலிக்கப் பூசைகளில் அன்றைக்குக் குறித்திருந்த முதல் வாசகம் எசேக்கியேல் முப்பத்தேழு: கடவுள் தம் மக்களின் கல்லறைகளைத் திறந்து சொந்த நாட்டுக்கே கூட்டிவருவதாகச் சொல்லும் பகுதி. எந்தக் கல்லறை சாமி? ஊருக் கல்லறையா, சேரிக் கல்லறையா? ரெண்டு வாரம் கழித்து பாஸ்கா இரவு. மற்ற பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைத்துக்கொள்ளலாம், செங்கடல் வாசகத்தை மட்டும் விடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். எறையூரில் அதைக் கேட்டவர்களில் இரண்டு தரப்புமே தங்களைத்தான் இஸ்ரயேல் என்று நினைத்திருக்கும். இதுதான் நான் சொல்லவரும் சிக்கல். இஸ்ரயேல் வேசம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பியூரிட்டான்கள் கட்டினார்கள், செவ்விந்தியர் கானானியர் ஆனார்கள். தென்னாப்பிரிக்க போயர்கள் கட்டினார்கள். கிபயோனியன் வேசம் கட்டத்தான் ஆள் கிடையாது!

சரி, வரலாறு என்ன சொல்கிறது? எகிப்திலிருந்து ஒரு மக்கள் கூட்டம் கிளம்பிப்போனதாக எகிப்தியக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. இஸ்ரயேல் என்ற பேர் முதன்முதலில் அகப்படுவது மெர்னெப்தா மன்னனின் கல்லில், கி.மு. 1208 வாக்கில். அங்கேயும் நாட்டுக்குரிய குறி போடாமல் மக்களுக்குரிய குறியைத்தான் போட்டிருக்கிறான். 1950களில் எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யனுக்கு யோசுவா காலத்தில் விழுந்த மதில் அகப்படவில்லை. அதே காலத்தில் கானான் மலைமேட்டில் புதுசு புதுசாகச் சின்ன ஊர்கள் முளைத்ததை மண் காட்டுகிறது. அரண்மனை இல்லை, மதில் இல்லை. இவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் அல்ல, கானானியரேதான் என்பது இன்றைக்குப் பல ஆய்வாளர்களின் முடிவு. சமவெளி ராசாக்களின் வரிக்கும் வெட்டிவேலைக்கும் தப்பி மலையேறிய குடியானவர்கள் என்று மெண்டன்ஹாலும் காட்வால்டும் வாதிட்டார்கள். அப்படிப் பார்த்தால் வெட்டிக் கொன்றதாக எழுதிக்கொண்டது சொந்தக்காரனைத்தான். எறையூர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய விசயம்.

மலை என்றதும் மேற்கே பாருங்கள், கல்வராயன். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டு சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஜாகீர்களாக இருந்த மலை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து முப்பது வருசம் ஆகப்போகும் நேரத்தில், 1976இல்தான் அரசாங்கம் முழுசாக உள்ளே நுழைந்தது. அதுவரை மலையாளி மக்கள் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழுதார்கள், சுமந்தார்கள். அந்த மக்களுக்கும் ஒரு வெளியேற்றக் கதை உண்டு. காஞ்சியிலிருந்து வந்தோம் என்பார்கள். அங்கே இருந்த வேடர்களில் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்ததாகவும், அந்த வேடன் சாவுக்கு அடையாளமாகக் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடிப்பதாகவும் வெள்ளைக்காரன் காலத்து நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. எல்லா வாக்களிக்கப்பட்ட நாட்டிலும் ஒரு வேடன் இருந்திருக்கிறான். மலையாளிகளைக் குற்றக்கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அவர்களாவது செத்தவனுக்கு ஒரு வெடி போட்டார்கள். நம் மறையுரைகளில் கானானியனுக்கு அதுகூட இல்லையே!

விடுதலையடைந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? சாலமோன் கோயில் கட்டினான். லெபனோனுக்கு மரம் வெட்ட 30,000 பேர், சுமை தூக்க 70,000, கல் உடைக்க 80,000 என்று அரசர்கள் நூலே கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு ஊதிப்போனதாகவே இருக்கட்டும், சங்கதி ஊதிப்போனதல்ல. மிஞ்சிய கானானியரை நிரந்தர வெட்டிவேலைக்குப் பிடித்தான் என்று அதே நூல் சொல்கிறது. அவன் செத்ததும் வடக்குக் கோத்திரங்கள் வெட்டிவேலைக்கு மேலாளாக இருந்த அதோராமைக் கல்லெறிந்தே கொன்றன, ராஜ்யம் ரெண்டாச்சு. இந்தக் கல்லெறியை எந்த ஞாயிறும் நம் கோயிலில் கேட்டதில்லை. தமிழில் இன்னொரு வேடிக்கை. திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டவர்களைக் கூலியில்லாமல் பிடித்து வேலை வாங்கியதற்குப் பேர் ஊழியம். இன்றைக்குக் கடவுள் பணிக்கும் பேர் ஊழியம். ஊழியக்காரர் காரில் வருகிறார், ஊழியம் பார்த்தவன் பேரன் நாற்காலி எடுத்துப் போடுகிறான்.

'அப்படின்னா பழைய ஏற்பாட்டையே தூக்கிப் போட்டுரலாமா?' என்று கேட்பார்கள். ஏன் போடணும்? கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸ் என்கிற ஆள் இருந்தான். ஆடுமாடு மேய்த்தவன், காட்டத்திப் பழத்தைப் பக்குவம் பார்த்தவன். தான் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவனில்லை என்று கோயில் குருவிடமே சொன்னவன். அந்த நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுள் இஸ்ரயேலைப் பார்த்து, நீயும் எனக்கு எத்தியோப்பியனும் ஒண்ணுதானே என்று கேட்கிறார். உன்னை எகிப்திலிருந்து கூட்டிவந்த மாதிரியே பெலிஸ்தியனையும் அராமியனையும் வேறு இடங்களிலிருந்து கூட்டிவந்தேன் என்கிறார். எதிரிக்கும் ஒரு விடுதலைப் பயணம் உண்டு என்று சொல்லிவிட்டால், நாங்கள்தான் தெரிந்தெடுக்கப்பட்ட இனம் என்கிற சாதித் திமிர் எங்கே போய் நிற்கும்?

சாமியார்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த பாஸ்கா இரவில் செங்கடல் வாசகம் முடிந்ததும் யோசுவா ஒன்பதையும் மறையுரையில் எடுங்கள். திருவழிபாட்டுச் சட்டம் மறையுரையைத் தடுக்காது. அதற்கு முன்னால், உங்கள் பங்கில் எத்தனை கல்லறைத் தோட்டம் இருக்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள்.