நிற்கவைத்து ஒரு முறை

கல்லூரியில் பிரசோசினை ரத்த அழுத்த மருந்தாகத்தான் படித்தோம். புதுக்கோட்டை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவருக்கு அது முதலில் தேள்கடி மருந்து. வைக்கோல் படப்பு, ஓட்டு வீடு, அடுக்கிய விறகு, செங்கல் காளவாய் என்று செந்தேள் பதுங்க இடத்துக்குக் குறைவில்லாத மண் இது. அந்த இனத்துக்கு 1798இல் ஃபாப்ரிசியஸ் இட்ட பெயர் ‘தமுலஸ்’. நம் பெயரைத்தான் அது சுமந்து திரிகிறது.

கொட்டிய இடத்தில் வலி தாளாமல் வீறிட்டு அழும் குழந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வலி அதிகமில்லை, ஆனால் வாந்தி எடுக்கிறது, சட்டை நனைய வியர்க்கிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது என்றால் அந்தக் குழந்தைக்குத்தான் ஆபத்து. விஷம் நரம்புகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது; அட்ரினலினும் நார்அட்ரினலினும் வெள்ளமாய்ப் பெருகி ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன; இதயம் திணறி நுரையீரலில் நீர் கோக்கிறது. அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் பிரசோசின் என்ற ஆல்ஃபா தடுப்பானின் வேலை.

இந்தச் சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல என்பதை நம் இளம் மருத்துவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் மகாட் வட்டாரத்தில், பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியைத் தொடங்கிய ஹிம்மத்ராவ் பவாஸ்கர், கட்டிலருகே இரவெல்லாம் உட்கார்ந்து நாடியும் அழுத்தமும் குறித்துக் கண்டறிந்தது இது. 1986இல் ‘லான்செட்’ அதை வெளியிட்டது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் குணம் விரைவாகிறது என்று 70 பேரிடம் அவர் செய்த ஆய்வு 2011இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. ஆனால் விஷமுறிவு எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. மாத்திரை கிடைக்க முடியும்.

முடியும் என்றுதான் சொல்கிறேன். கடைகளில் பிரசோசின் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது எக்ஸ்எல் மாத்திரை, இரண்டரை அல்லது ஐந்து மில்லிகிராம். மெதுவாகக் கரையும் அதை உடைக்கவும் கூடாது, பொடிக்கவும் கூடாது. தேள்கடிக்கு அது உதவாது. வேண்டியது சாதாரண ஒரு மில்லிகிராம் மாத்திரை. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்பதால் 15 கிலோ குழந்தைக்கு 450 மைக்ரோகிராம், ஏறத்தாழ அரை மாத்திரை. கை கால் சூடாகும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. வலி மட்டும் இருப்பவருக்கு இது வேண்டாம். மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கிக்கோ, 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பும் முன்பே முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும்.

மருந்து கொடுத்த பிறகு செய்யும் ஒரு தவறைப் பற்றியும் எழுத வேண்டும். அழும் பிள்ளையைத் தாய் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வாள். வாந்தியும் வியர்வையுமாக நீர் இழந்த உடம்பு. அழுத்தம் தடாலென்று விழும். பிள்ளை படுத்தே இருக்க வேண்டும், தாய் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கட்டும். ஆம்புலன்ஸிலும் அப்படியே.

எழும்போது அழுத்தம் விழும் இதே சிக்கல்தான் முதியவர்களையும் வீழ்த்துகிறது. டாக்சசோசினும் ஓர் ஆல்ஃபா தடுப்பான்; ரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்ட ஆல்ஹாட் ஆய்வில் அதன் பிரிவு 2000இல் பாதியில் நிறுத்தப்பட்டது. குளோர்தாலிடோன் எடுத்தவர்களைவிட அதில் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அதன் பிறகு ரத்த அழுத்தத்துக்கு முதல் மருந்தாக ஆல்ஃபா தடுப்பான்களை நாம் எழுதுவதில்லை. ஆனால் புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின் என்று இதே குடும்பம் வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் கொண்டுவருகிறார். டாம்சுலோசினைத் திருச்சியில் யாரோ எழுதிக்கொடுத்திருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் யாருமில்லை. பெரியவர் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து, நிலைப்படியில் கிறுகிறுத்து விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. சித்திரை வெயிலில் இது இன்னும் மோசம்.

முதியவர்களை மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருந்துச் சீட்டைத் திருத்த வேண்டும். கூட்டம் அதிகம், நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். 60 தாண்டிய ஆண்களுக்காவது செய்யலாம்.

கண்புரை முகாமுக்கு அனுப்பும்போது சீட்டில் டாம்சுலோசின் என்று ஒரு சொல் சேருங்கள். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அறுவையின்போது கருவிழித்திரை தொளதொளத்து மடங்குவதை 2005இல் சாங்கும் கேம்ப்பெல்லும் விவரித்தார்கள். முந்தைய வாரம் மருந்தை நிறுத்துவதை நம்பியிருக்க முடியாது. முன்கூட்டித் தெரிந்தால் கண் மருத்துவர் தயாராக இருப்பார்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் நிலையத்தின் அவசர அலமாரியைத் திறந்து பாருங்கள். சாதாரண பிரசோசின் எத்தனை இருக்கிறது, காலாவதி எப்போது என்று எங்களுக்கு எழுதுங்கள். ஒன்றிய வாரியாக அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.