பொறுமை என்பது படுத்திருப்பதன்று

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் பக்கவாதம் கண்ட பெரியவர் கட்டிலோடு இருக்கிறார். "அத்தா எழுந்தால் விழுந்துவிடுவார்கள், படுத்தே இருக்கட்டும்" என்கிறோம். அதற்குச் சபூர் என்று பெயரும் சூட்டுகிறோம்.

நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. அச்சலுகை இயலாமைக்கு உரியது, முயலாமைக்கு உரியதன்று.

மூளையின் ஒரு பகுதி பழுதுற்றாலும், திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தால் எஞ்சிய பகுதிகள் அப்பணியைக் கற்றுக்கொள்ள இயலும். நாற்காலியிலிருந்து எழுதல், தளர்ந்த காலில் எடையை ஊன்றுதல், பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடிவைத்தல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் கற்பிப்பார். நாள்தோறும் அருகில் நின்று செய்விப்பது பிள்ளைகளின் பொறுப்பு. முதல் சில மாதங்களிலேயே முன்னேற்றம் மிகுதி. எனவே தாமதம் இழப்பாகும்.

செலவை எண்ணித் தயங்க வேண்டா. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் இல்லம் தேடி இலவசமாக வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்போம்.

துஆவுக்கு ஏந்தும் கைகளை அத்தாவைத் தாங்கவும் நீட்டுவோம். அவர்கள் மீண்டும் நின்று தக்பீர் கட்டுவது அல்லாஹ்வின் நாட்டம். முயல்வது நம் கடமை.