படியேற இயலாதோர்க்கும் ஒரு குறிஞ்சி மலை

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தோர்க்கு மலை என்றவுடன் நினைவில் எழுவது சுவாமிமலை. உண்மையில் அது இயற்கையான மலை அன்று. வயல் சூழ்ந்த சமவெளியில் எழுப்பப்பட்ட கட்டுமலை. அறுபது தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகள் அங்கு உண்டு. இளமையில் அவற்றை ஒரே மூச்சில் ஏறியவர்கள், எழுபது வயதைக் கடந்தபின் கீழே நின்று கைகுவித்துத் திரும்புகின்றனர். அத்தகைய பெரியவர் ஒருவர், "கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவரை ஒருமுறை தரிசிக்க வேண்டும்" என்று சொன்னால், "மலையாயிற்றே, உங்களால் முடியுமா?" என்பதே வீட்டாரின் முதற்கேள்வியாக இருக்கும்.

முடியும். காலத்தையும் வழியையும் முதியவரின் உடல்நிலைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. பிள்ளைகளின் விடுமுறையை முன்னிட்டுப் பயணத்தை வகுத்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் பாட்டியை வண்டியில் அமர்த்தி மற்றவர் மட்டும் இறங்கிப் போவது யாத்திரை ஆகாது. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்தத் தனிமை அவரை வருத்தவே செய்யும்.

சித்திரையும் வைகாசியும் கொடைக்கானலில் கூட்டம் நெரியும் மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மலைப்பாதையில் மண் சரிவதும் உண்டு. ஆனியில் மேட்டூர் நீர் வந்துவிட்டால் குறுவை வேலை வீட்டாரை வயலோடு கட்டிப்போட்டுவிடும். சம்பா அறுவடை முடிந்து, தைப்பூசக் கூட்டமும் வடிந்தபின் வரும் மாசி மாதமே தஞ்சை வட்டாரத்தார்க்கு ஏற்றது. வானம் தெளிந்திருக்கும், தேர்வுக் காலமாதலால் குடும்பக் கூட்டம் குறைவு, வார நாட்களில் தங்கும் அறைகளும் எளிதில் கிடைக்கும். குளிர் மட்டும் இருக்கும். அதற்குக் கம்பளியும் காது மூடும் குல்லாவும் போதும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் நீராடும் நியமம் உடையோர், அந்த இரண்டு நாட்கள் வெந்நீரில் நீராடினால் ஒரு குறையும் வந்துவிடாது.

தஞ்சை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 அடி உயரத்தில் உள்ளது. கொடைக்கானலோ 7,000 அடிக்கு மேல். ஒரே நாளில் அவ்வளவு உயரம் போவது முதிய உடலுக்கு உகந்ததன்று. இதயநோயோ மூச்சிரைப்போ உடையவர்கள் முன்னதாக மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். முதல் நாள் திருச்சி வழியாகத் திண்டுக்கல் வரை ரயிலில் சென்று, இரவு அங்கே தங்கலாம். மறுநாள் காலை எளிய உணவுக்குப்பின் வத்தலக்குண்டு வழியாகக் காரில் மலையேறலாம். பழனியிலிருந்து ஏறும் பாதை குறுகலானது, வளைவுகளும் மிகுந்தது. தலைசுற்றல் உடையோர்க்கு அது வேண்டாம். முதியவர் முன் இருக்கையில் அமரட்டும். கையில் ஓர் எலுமிச்சம்பழமும் டப்பாவில் நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கட்டும். வழியில் இரண்டு மூன்று இடங்களில் வண்டியை நிறுத்தி இறங்கச் செய்வது நல்லது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கக் கூசித் தண்ணீர் குடிக்காமலே வரும் பெரியவர்கள் பலர்.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் கார்களுக்கு இ-பாஸ் பெறும் முறை வந்துள்ளது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்து தருவார்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மலையில் தடை இருப்பதால் எவர்சில்வர் கூஜா ஒன்று உடன் வரட்டும். அறை பதிவு செய்யும்போது தரைத்தளமா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வரை எத்தனை படிகள் என்று கேட்டறிய வேண்டும். ஊரே சரிவில் அமைந்திருப்பதால் அங்கே 'தரைத்தளம்' என்பதற்கும் பத்துப் படிகள் இருக்கக்கூடும்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோயிலருகே வரை வண்டி செல்லும்; நெடிய படியேற்றம் கிடையாது. 1936-இல் இக்கோயிலை எழுப்பியவர், இலங்கைக்கு வந்து சைவம் தழுவி, லீலாவதி என்னும் பெயர் ஏற்ற வெளிநாட்டுப் பெண்மணி. இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். கணவர் 1930-இல் மறைந்தபின் இவ்வம்மையார் முருகனுக்கு இந்த ஆலயத்தை அமைத்தார். இராமநாதனின் குருவான அருட்பரானந்த சுவாமிகள் தஞ்சையைச் சேர்ந்தவர் என்பதை எண்ணும்போது, காவிரி நாட்டார்க்கு அச்சந்நிதி அயலிடமாகத் தோன்றாது. இன்று அது பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ளது.

ஆண்டவருக்குப் பெயர் தந்த குறிஞ்சி மலர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். "பூக்கும்போது போவோம்" என்று எண்பது வயதில் தள்ளிப்போட வேண்டியதில்லை. பூக்கும் ஆண்டில் கூட்டமும் பெருகும்.

மறுநாள் முற்பகலில் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூம்பாறைக்குச் செல்லலாம். படிப்படியாய் அடுக்கிய வயல்களின் நடுவே உள்ள சிற்றூர் அது. அங்குள்ள குழந்தை வேலப்பர் திருவுருவம் போகர் நவபாஷாணத்தால் செய்தது என்பர். அருணகிரிநாதர் அக்கோயிலில் உறங்குகையில் அரக்கி ஒருத்தி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாய் அவர் மார்பின்மேல் படுத்துக்கொள்ள, காவி உடையைக் கண்ட அவள், தாயும் சேயும் உறங்குவதாக எண்ணி அகன்றாள் என்பது தலவரலாறு. பேரன் பேத்தியை மார்பில் கிடத்தித் தூங்கவைத்த கைகள் அச்சந்நிதியில் தாமே குவியும். பிற்பகலில் பனிமூட்டம் இறங்குமுன் அறைக்குத் திரும்பிவிடுவது நலம். மற்ற காட்சியிடங்களை இளையவர்கள் பார்த்து வரட்டும்.

மலையிறங்கியபின் உடல் இடங்கொடுத்தால் பழனிக்குச் செல்லலாம். 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் ரோப்காரும் அங்கு இயங்குகின்றன. ரோப்கார் மாதம் ஒருநாளும், ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து பல நாட்களும் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். பலத்த காற்றிலும் நிற்கும். முன்கூட்டியே தேவஸ்தானத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. இயலாதவர்கள் வருந்த வேண்டாம். பனி விலகிய காலைப் பொழுதில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்தே தொலைவில் பழனிமலை தெரியும். மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் இருந்தால், முதியவர் அங்கே அவசரமின்றி அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.