ஏட்டில் ஏறாத சொல்



சென்ற திங்கள் ஒரு மாலை, நான் பணி முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் லைனைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் திண்ணையில் அமர்ந்து என் மனைவியிடம் கண் கலங்கப் பேசிக்கொண்டிருந்தார். 2001ஆம் ஆண்டில் பொற்சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம் வீட்டுப் பெண்கள் பலரைப் போல, விடியற்காலை வண்டியேறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறவர் அவர். வண்டியில் ஒருவன் அவரிடம் முறைகேடாக நடந்துகொண்டான். அம்மையார் துணிந்து ஒரு காவல் நிலையத்தின் படியேறினார். அங்கே எழுந்த முதற் கேள்வி, "வீட்டுக்காரர் வரவில்லையா?" என்பது. அடுத்த கேள்வி, "கூட்ட வண்டியில் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்?" என்பது. முடிவில் ஒரு தாளில் கன்னடத்தில் எழுதிக் கையொப்பம் இடச் சொன்னார்கள். இவரும் இட்டுவிட்டு வந்துவிட்டார்.

"தாளில் என்ன எழுதியிருந்தது அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கன்னடம் படிக்க வராதே தம்பி. நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவன். பார்சல் ஆபீசில் ஒரு மூட்டை வந்து இறங்கினாலும், பதிவேட்டில் ஏறாத வரையில் அது வந்ததாகக் கணக்கில்லை. வராத மூட்டையை வந்ததாக எழுதிவிட்டாலோ, அதற்குப் பதில் சொல்லி மாளாது. நீதியின் வாசலிலும் அதே வழக்கந்தான். எழுதப்பட்டது வாழ்கிறது, எழுதப்படாதது மாய்கிறது. பெண்களுக்கு நேரும் அநீதியின் வேர் பல சமயம் அங்கேதான் இருக்கிறது. இதற்குச் சான்றாக, நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த பழைய சேலம் மாவட்டத்துச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன்.

இன்றைய தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் அவ்வூரில் புகுந்தனர். ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தனர். கட்டைகள் ஒளித்திருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துச் சென்று கற்பழித்தனர். அவர்களுள் பள்ளியில் படிக்கும் வயதுச் சிறுமியும் இருந்தாள். வீடுகள் சூறையாடப்பட்டன, குடிநீர்க் கிணறும் பாழாக்கப்பட்டது.

இவ்வளவும் செய்தபின் ஏட்டில் என்ன ஏறிற்று தெரியுமா? அப்பெண்கள் சந்தனக் கடத்தல்காரர்கள் என்று ஏறிற்று! தீங்கிழைத்தவர்கள் சீருடையோடு உலவ, தீங்குற்றவர்கள் குழந்தைகளோடு சேலம் சிறைக்குள் அடைக்கப்பட்டார்கள். "உடனே ஏன் முறையிடவில்லை?" என்று பின்னாளில் கேட்பது எளிது. தம்மைச் சீரழித்தவர்களே காவலாகப் பக்கத்தில் நிற்கையில், எந்தப் பெண் யாரிடம் வாய் திறப்பாள்?

அப்பெண்களின் சொல் ஏட்டில் ஏற, மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குச் சென்றது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். அவர்களுள் 54 பேர் தீர்ப்பைக் காணாமலே இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பழிப்புக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றோர் 17 பேர். மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் ஆளுக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அன்று பள்ளிச் சிறுமியாயிருந்தவள் அதற்குள் நாற்பதைக் கடந்திருப்பாள்.

அந்நாளில் சட்டம் இல்லாமற் போயிற்றோ என்று கேட்கலாம். சட்டம் இருந்தது. 1972இல் மராட்டிய மாநிலத்தில் ஒரு காவல் நிலையத்திற்குள்ளேயே மதுரா என்னும் பழங்குடி இளம்பெண் சீரழிக்கப்பட்டாள். உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று சொல்லி உச்சநீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. நாடு கொதித்தெழுந்தது. அதன் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண், தான் இசையவில்லை என்று மன்றத்தில் சொன்னால், அதையே மெய்யெனக் கொள்ளவேண்டும் என்று விதி வந்தது. வாச்சாத்திக் கொடுமை நடந்ததோ அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. பெண்ணின் சொல் மன்றம் வரை போய்ச் சேர்ந்தால்தானே அவ்விதி அவளுக்குத் துணை நிற்கும்?

ஆதலின் நம் சகோதரிகள் சிலவற்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வண்டியில் போய்வருவோர்க்கு இது பெரிதும் உதவும். பெண்ணின் மானத்திற்கு ஊறு செய்த குற்றமாயின், பெண் அதிகாரியே அதை எழுதவேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை எழுதியபின், சொன்னவருக்குப் படித்துக் காட்டவேண்டும். புரியாத மொழியாயின், புரியும்படி சொல்லக் கேளுங்கள். அதன் பிறகே கையொப்பம் இடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். நிலையத்தில் மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். நம் தங்கவயலுக்கென்றே தனிக் கண்காணிப்பாளர் இருக்கிறார். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று அஞ்சவும் வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி, பெண் என்ற ஒன்றே இலவச உதவிக்குப் போதுமான தகுதி, வருமானம் பார்ப்பதில்லை.

ஆண்மக்களாகிய நமக்கும் ஒரு சொல். "வீட்டுக்காரர் வரவில்லையா?" என்று காவலர் கேட்டது தவறு என்கிறோம். நம் வீட்டுப் பெண் ஒரு துன்பத்தைச் சொன்னால், "அந்நேரத்தில் அங்கே ஏன் போனாய்?" என்று நாம் கேட்கிறோமே, அது மட்டும் எந்த நியாயம்? அவள் சொல்லை முதலில் தள்ளுபடி செய்யும் மன்றம் நம் வீட்டுத் திண்ணைதான். உடன் செல்வோம், ஆனால் அவளுக்காக நாம் பேசாமல், அவளையே பேச விடுவோம்.

அந்த அம்மையாருடன் மறுநாள் நானும் என் மனைவியும் கன்னடம் அறிந்த நண்பர் ஒருவரும் மீண்டும் அந்நிலையத்திற்குச் சென்றோம். பழைய தாளைப் படித்துப் பார்த்தோம். வண்டியில் இடம் பிடிப்பதில் வாய்ச்சண்டை என்று எழுதியிருந்தது! புதிதாக எழுதச் செய்து, படித்துக் காட்டச் செய்து, நகலும் பெற்றுக்கொண்டோம். வழக்கு என்னவாகும் என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும். ஆயினும் அவர் சொன்ன சொல், சொன்னபடியே இன்று ஏட்டில் இருக்கிறது. நகலைத் தம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.