காசு கொடுத்தது நாம். பொருள் யாருக்குச் சொந்தம்?

ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1889-ம் ஆண்டில் சீட்டுக்கட்டு செய்து விற்க ஒரு கடை தொடங்கினார்கள். அந்தக் கடைதான் இன்று உலகப் புகழ் பெற்ற நிண்டெண்டோ வீடியோ விளையாட்டுக் கம்பெனி.

சீட்டுக்கட்டு வாங்கினால் அது வாங்கியவருக்குச் சொந்தம். கிழியும் வரை ஆடலாம். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். விற்ற கடை மூடிப்போனாலும் கட்டு நம் வீட்டில் இருக்கும்.

அதே கம்பெனி இன்று விற்கும் வீடியோ விளையாட்டு எல்லாம் அப்படித்தானா?

இல்லை. சில நம் கையில் இருக்கும். சில இருப்பது போல் இருக்கும். ஒரே ஓர் ஆட்டத்தின் கதையைக் கேட்டால் இந்த வேற்றுமை விளங்கிவிடும்.

கவசத்துக்குள் ஒரு பெண்

1986-ல் "மெட்ராய்டு" என்ற ஆட்டத்தை நிண்டெண்டோ வெளியிட்டது. டெலிவிஷனில் இணைத்து ஆட வேண்டும். குதிக்க வேண்டும், சுட வேண்டும், குகைக்குள் வழி தேட வேண்டும். ஆட்டத்தின் வீரர் தலை முதல் கால் வரை கவசம் அணிந்திருப்பார். முகம் தெரியாது. சீக்கிரமாக ஆடி முடித்தவர்களுக்குக் கடைசியில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கவசம் கழன்றது. உள்ளே இருந்தது ஒரு பெண்! அவள் பெயர் சாமஸ்.

1989-ல் நிண்டெண்டோ "கேம் பாய்" என்ற கைக்கருவியைக் கொண்டுவந்தது. கும்பேய் யோகோய் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்தது. நான்கு சிறிய பேட்டரி போட்டால் எங்கே வேண்டுமானாலும் ஆடலாம். திரையில் வண்ணம் கிடையாது. பச்சை படிந்த நான்கு சாயல்கள்தான். ஆனாலும் அது சக்கைப்போடு போட்டது. பின்னால் வந்த வண்ணத் திரைக் கருவியையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

அந்தக் கருவிக்காக 1991-ல் வெளிவந்ததுதான் "மெட்ராய்டு" ஆட்டத்தின் இரண்டாம் பாகம்.

கதை இதுதான். மெட்ராய்டு என்பது உயிரை உறிஞ்சும் ஒரு விண்வெளிப் பிராணி. அதன் சொந்தக் கிரகத்துக்கே சென்று பூண்டோடு அழித்துவிட்டு வா என்று சாமஸை அனுப்புகிறார்கள். இன்னும் எத்தனை பிராணி பாக்கி என்று திரையின் மூலையில் ஓர் எண் காட்டும். ஒவ்வொன்றாகக் கொல்லக் கொல்ல எண் குறையும். கடைசியில் ஒரு முட்டை உடைந்து ஒரு குஞ்சு வெளியே வருகிறது. சாமஸைத் தாய் என்று எண்ணி அவள் பின்னாலேயே வருகிறது. சாமஸ் அதைச் சுடவில்லை. குஞ்சை உயிரோடு எடுத்துச் செல்கிறாள்.

அழிக்கப் போனவள் காப்பாற்றித் திரும்பினாள். சிறுவர் ஆட்டத்தில் இப்படி ஒரு முடிவா என்று ரசிகர்கள் நெகிழ்ந்தார்கள்.

கேசட் இருந்த காலம்

இந்த ஆட்டம் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கேசட் என்பார்கள். ஆடியவரை நினைவில் வைக்க அதற்குள் ஒரு குட்டி பேட்டரியும் உண்டு. பேட்டரி தீர்ந்தால் நினைவு போகும், ஆட்டம் போகாது. பேட்டரியை மாற்றினால் நினைவும் திரும்ப வேலை செய்யும். 1991-ல் வாங்கிய கேசட்டைத் தகப்பன் இன்று மகனுக்குக் கொடுக்கலாம்.

ரசிகர்கள் அதோடு நிற்கவில்லை. அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த மில்டன் குவாஸ்டி என்பவர் பழைய ஆட்டத்தை வண்ணத்தில் புதிதாகச் செய்யத் தொடங்கினார். பல ஆண்டுகள் உழைத்து 2016 ஆகஸ்டு 6-ந்தேதி இனாமாக வெளியிட்டார். அன்று முதல் ஆட்டத்துக்கு 30-வது பிறந்த நாள். சில நாட்களிலேயே நிண்டெண்டோவின் சட்ட நோட்டீசு வந்தது. ஆட்டத்தை இறக்கிக்கொள்ளும் வழியை எடுத்துவிட்டார்கள்.

மறு வருடம் காரணம் இதுவோ என்று தோன்றியது. 2017 செப்டம்பரில் கம்பெனியே இரண்டாம் பாகத்தைப் புதிதாகச் செய்து வெளியிட்டது. ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி ஒன்று அதில் கூட்டு. "3டிஎஸ்" என்ற கைக்கருவியில் ஆட வேண்டும். அமெரிக்காவில் விலை 40 டாலர்.

இங்கேதான் கதை திரும்புகிறது.

மூடிய கடை

இந்தப் புதிய ஆட்டத்தை இரண்டு விதமாக வாங்கலாம். ஒன்று, கடையில் சிறிய அட்டையாக வாங்குவது. இன்னொன்று, கம்பெனியின் இன்டர்நெட் கடையிலிருந்து நேராகக் கருவியில் இறக்கிக்கொள்வது. விலை ஒன்றுதான். பொருளும் ஒன்று என்றே பலர் நினைத்தார்கள்.

2020-ல் 3டிஎஸ் கருவி தயாரிப்பை நிண்டெண்டோ நிறுத்தியது. 2023 மார்ச் 27-ந்தேதி அதன் இன்டர்நெட் கடையில் விற்பனையை மூடியது. அன்று இந்த ஆட்டம் வேறு எந்தக் கருவிக்கும் வெளியாகியிருக்கவில்லை. அட்டை வாங்கியவர் அதை விற்கலாம், இரவல் தரலாம். இறக்கிக்கொண்டவர் விற்க முடியாது. முன்பே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னது. ஆனால் எத்தனை வருடத்துக்கு என்று தேதி போட்டுச் சொல்லவில்லை.

பழைய 1991 ஆட்டம் என்ன ஆயிற்று? அதை 2023 பிப்ரவரியில் தன் புதிய கருவியில் கம்பெனி கொடுத்தது. விலைக்கு அல்ல, சந்தாவுக்கு! சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும்.

சொந்த வீடு வாடகை வீடாகிவிட்டது.

நூற்றுக்கு 87

இது ஓர் ஆட்டத்தின் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்றைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. கேம் பாய் வரிசையில் நிலைமை இன்னும் மோசம். நூற்றுக்கு 6 கூடக் கிடைக்கவில்லை.

பழைய ஆட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் தொலைவிலிருந்தே பார்க்க நூலகங்கள் அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

2025 ஜூனில் நிண்டெண்டோவின் அடுத்த கருவி வந்தது. அதற்குச் சில ஆட்டங்கள் "சாவி அட்டை"யாக விற்கப்படுகின்றன. அட்டைக்குள் ஆட்டம் இல்லை. இன்டர்நெட்டிலிருந்து ஆட்டத்தை இறக்க உதவும் சாவி மட்டும் இருக்கிறது. பூட்டு கம்பெனியிடம்!

கம்பெனி கட்சி என்ன?

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. ஆள் இல்லாத கடைக்கு விளக்கு எரிய வைத்தால் செலவுதானே? பழைய கருவிக்காகக் கணிப்பொறிகளை என்றென்றும் ஓட்ட முடியாது. திருட்டுப் பிரதியும் பெரிய தொல்லை. உழைத்துச் செய்தவனுக்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. ஆனால் விற்கிறவன் ஒன்றைச் சொல்லித்தான் விற்க வேண்டும். விற்பது பொருளா, அனுமதியா?

கலிபோர்னியா மாநிலம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. அந்தச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடிய அனுமதியை விற்கும் இன்டர்நெட் கடைகள், "வாங்கு" என்ற சொல்லைச் சும்மா போடக்கூடாது. இது அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், விற்ற ஆட்டத்தைப் பிறகு செல்லாக்காசாக்காதே என்று கேட்கும் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

நமக்கு என்ன?

நம் வீட்டுப் பிள்ளைகள் மெட்ராய்டு ஆடுவது இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் நாமும் செல்போனில் சினிமாவும் பாட்டும் புத்தகமும் வாங்குகிறோம். அவற்றிலும் பல அனுமதிதான்.

ஆகவே காசு கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இன்டர்நெட் இல்லாமல் இது ஓடுமா? இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா? விற்றவன் கடையை மூடினால் என் கையில் என்ன மிஞ்சும்? மூன்றுக்கும் பதில் தெரிந்து வாங்குவதில் தவறு இல்லை. வாடகைக்கும் வீடு எடுக்கத்தானே செய்கிறோம்? வாடகை என்று தெரிந்து கொடுத்தால் ஏமாற்றம் இல்லை.

சாமஸின் கதையில், எல்லாம் அழிந்த பிறகு ஒரே ஒரு குஞ்சு மிஞ்சியது. அதையும் சுட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் சுடவில்லை.

அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்ன கம்பெனிக்கு, அந்தக் கதையைக் காப்பாற்றி வைக்கும் பொறுப்பும் உண்டு அல்லவா?