கொழுக்கட்டையும் மோமோவும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் ஒரு பெரும் வழக்கு நடந்தது. வாதியும் நாங்களே, பிரதிவாதியும் நாங்களே. பள்ளிச் சந்தையில் எங்கள் வகுப்பின் தின்பண்டக் கடையில் எதை விற்பது என்பதே வழக்கு. பர்கரும் மோமோவும் இல்லாவிட்டால் கடைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்றோம் பாதிப் பேர். நம் கொழுக்கட்டைக்கும் பணியாரத்துக்கும் என்ன குறை, அந்நியப் பண்டத்துக்கு நாம் கொடி பிடிக்க வேண்டுமா என்று கேட்டோம் மற்றப் பாதிப் பேர். “மைதா வயிற்றுக்கு ஆகாது” என்றாள் ஒருத்தி. “கொழுக்கட்டையை வீட்டில் சும்மா தருவார்களே, காசு கொடுத்து யார் வாங்குவார்?” என்றாள் இன்னொருத்தி. மணி அடித்துவிட்டதால் தீர்ப்புத் தள்ளிவைக்கப்பட்டது.

இப்போது எண்ணிப் பார்த்தால் இரு கட்சியினரும் ஒரே தவற்றைத்தான் செய்தோம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பண்டத்தையும் ஒவ்வொரு நாட்டுக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது போலப் பேசினோம். பர்கரையே எடுத்துக்கொள்வோம். பெயர் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரத்தினுடையது. பிழைத்து வளர்ந்த இடமோ அமெரிக்கா. 1921-இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காஸில் என்னும் கடை, ஒன்று ஐந்து சென்ட் என்று விற்று அதை ஊரறியச் செய்தது. 1996-இல் மெக்டொனால்ட்ஸ் டில்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சி இல்லாமலேயே பர்கர் விற்றது. பிறந்த ஊரில் அந்த இறைச்சிதான் அதன் உயிர். இங்கே உருளைக்கிழங்கு வடை அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது. மோமோவின் கதையும் அப்படித்தான். திபெத்தில் யாக் எருமையின் இறைச்சியை வைத்துச் செய்வார்கள். 1959-க்குப் பின் அங்கிருந்து அகதிகளாக வந்தவர்கள் தரம்சாலாவிலும், நமக்கு அருகில் மைசூரை அடுத்த பைலகுப்பேயிலும் குடியேறினார்கள். பண்டமும் அவர்களோடு வந்தது. சமவெளியில் யாக் ஏது? முட்டைக்கோஸ் உள்ளே புகுந்தது.

சந்தை வழக்குக்கு வருவோம். எங்கள் மனையியல் ஆசிரியை ஒரு வழி சொன்னார்கள். “சண்டை வேண்டாம். சனிக்கிழமை உங்கள் அம்மாக்களை அழைத்து வாருங்கள். அவரவருக்குத் தெரிந்ததைச் செய்து காட்டட்டும். எது நன்றாக வருகிறதோ அதை விற்போம்” என்றார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் மனையியல் அறையில் நாங்கள் கற்றதைப் போல ஓர் ஆண்டுப் பாடத்திலும் கற்றதில்லை என்றால் மிகையாகாது.

முதலில் பர்கர். வீட்டில் பர்கர் செய்பவர்கள் எல்லாருக்கும் ஒரே துன்பம்தான் போலும்: உள்ளே வைக்கும் கட்லெட், திருப்பும்போது உதிர்ந்துவிடுகிறது. ஒரு தாயார் ரஸ்க்கைப் பொடித்துச் சேர்ப்பேன் என்றார்கள். வேறொருவர் அவலை நனைத்துப் பிழிந்து பிசைந்தால் ரஸ்க்கே வேண்டாம் என்றார்கள். மீந்துபோன கொண்டைக்கடலைச் சுண்டலை அரைத்துப் போடலாம் என்பது மூன்றாமவர் கட்சி. தட்டிய கட்லெட்டை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் எதுவும் உதிராது என்பதில் மட்டும் மூவரும் ஒன்றுபட்டார்கள். பன்னை வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வெட்டுப்பக்கம் படும்படி வாட்டினால் உள்ளிருக்கும் சட்னி ஊறிப் பன் நைந்துபோகாது. ஒரு தாயார் வாழைப்பூ வடையையே பன்னுக்குள் வைத்து நீட்டினார்கள். இதுவா பர்கர் என்று சிரித்தோம். தின்ற பிறகு சிரிக்கவில்லை.

அடுத்து மோமோ. ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு வந்து சேர்ந்த தோழி ஒருத்தி நேபாளத்தைச் சேர்ந்தவள். அவள் தந்தை ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை செய்கிறார். அவள் ழகரத்தை எங்களில் பலரைவிட நன்றாக உச்சரிப்பாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவள் அம்மாவுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும். ஆயினும் சமையலுக்குக் கை போதுமே! எங்கள் அம்மாக்கள் அவரை “அக்கா” என்றார்கள். அவரோ எல்லாரையும் “தீதி” என்றார். தீதி என்றால் நேபாளியில் அக்கா என்றுதான் பொருளாம். ஒருவரையொருவர் மூத்தவராக்கிவிட்டு இரு தரப்பும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணி மூடி அரை மணி ஊறவைத்தார். பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸில் உப்புப் போட்டு வைத்து, விட்ட நீரையெல்லாம் ஒட்டப் பிழிந்தார். பிழியாவிட்டால் வேகும்போது நீர் விட்டு மேல்மாவு கிழியும் என்பதைக் கையாலேயே நடித்துக் காட்டினார். வட்டத்தின் ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் இருக்க வேண்டும். மடிப்புகள் எல்லாம் ஓரத்தில் வந்து சேர்வதால் அங்கே தடிப்பு இருந்தால் வேகாமல் நிற்கும். நாங்கள் இட்லிக் குழியில் வைத்து அவித்த முதல் ஈடு அடியில் ஒட்டிக்கொண்டு கந்தலாக வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டையான தட்டில் முட்டைக்கோஸ் இலையை விரித்து அதன்மேல் அடுக்கினார். பத்து நிமிடத்தில் கண்ணாடி போல வெந்து வந்தது. தொட்டுக்கொள்ளத் தக்காளியும் வறுத்த எள்ளும் மிளகாயும் அரைத்து ஓர் அச்சார் செய்தார். அதை எப்படிச் சொல்வது? முன்வரிசையில் இருந்தவர்களே முடித்துவிட்டார்கள்.

பிறகு எங்கள் அம்மாக்களின் முறை. கொதிக்கும் நீரில் அரிசி மாவைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த பூரணத்தை வைத்து மூடினார்கள். மைதாவுக்குப் பச்சைத் தண்ணீர் போதும், அரிசி மாவுக்கு ஏன் வெந்நீர் என்று ஒருத்தி கேட்டாள். கோதுமையில் உள்ள குளூட்டன் மாவை இழுபட வைக்கிறது; அரிசியில் அது இல்லாததால் மாவுச்சத்தை முன்னதாகவே வேகவைத்துப் பசையாக்கிக்கொள்கிறோம் என்று ஆசிரியை விளக்கினார்கள். எங்கள் பாட்டிமார் குளூட்டனைக் கேள்விப்படாமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கொழுக்கட்டையைக் கண்டதும் தோழியின் அம்மா முகம் மலர்ந்து “யோமரி! யோமரி!” என்றார். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் மார்கழி வாக்கில் வரும் ஒரு பௌர்ணமிக்கு அரிசி மாவில் வெல்லப் பாகும் எள்ளும் வைத்து இதே போல அவிப்பார்களாம். வடிவம் மட்டும் ஒரு முனை கூராக இருக்குமாம். கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமையைக் கொழுக்கட்டைச் சனி என்றே அழைப்பார்கள் என்று ஒரு தாயார் சொன்னார்கள். இமயத்தின் அடியிலிருந்து கடற்கரை வரை ஒரே பண்டம் உடை மாற்றிக்கொண்டு நடந்திருக்கிறது!

இதுவரை எழுதியதெல்லாம் எழுத இனிமையானது. இனி எழுதுவது அப்படியன்று.

மாவு உருட்டும் மும்முரத்தில் எங்களில் ஒருத்தி, “ஏய் மோமோ, அந்தத் தட்டை எடு” என்று கூப்பிட்டாள். அது அந்தத் தோழிக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர். ஓராண்டாக அப்படித்தான் அழைத்து வந்தோம். அவள் அம்மா, தம் பண்டத்தின் பெயர் காதில் விழுந்ததும், யாரோ இன்னும் கேட்கிறார்கள் என்று எண்ணி, சிரித்த முகத்தோடு தட்டில் இரண்டு மோமோவை வைத்து நீட்டினார். தோழி தலை குனிந்துகொண்டாள். அறையில் ஒருவரும் பேசவில்லை. அவள் ஏன் சில மாதங்களாக மதியச் சாப்பாட்டைத் தனியே மரத்தடியில் முடித்துக்கொண்டு வருகிறாள் என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டையில் ஏறியது.

பட்டப்பெயர் எந்த வகுப்பில் இல்லை, இதைப் பெரிதாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நெட்டைக்கொக்கும் சோடாபுட்டியும் எங்களிடையே உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நெட்டைக்கொக்கு என்றால் அவள் உயரத்தை மட்டும் சொல்கிறோம். மோமோ என்றால் அவள் முகத்தையும் ஊரையும் வீட்டையும் சேர்த்துச் சிரிக்கிறோம். எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் வடக்கே ஒரு கல்லூரியில் படிக்கிறார். அங்கே அவர் பெயர் ‘இட்லி சாம்பார்’. விடுமுறைக்கு வந்தபோது அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் அவர் அம்மா சிரிக்கவில்லையாம். அன்று அந்தக் கதையைக் கேட்டு வடநாட்டாரை வாய் ஓயாமல் வைத நாங்கள்தான் மறுநாள் பள்ளிக்கு வந்து “மோமோ” என்று கூப்பிட்டோம்.

பண்டத்தை எடுத்துக்கொண்டு ஆளை ஒதுக்குவது புதிதன்று. சீனாவின் ஒரு பகுதியான மஞ்சூரியாவை ஜப்பான் 1931-இல் கைப்பற்றி, 1945 வரை தன் பிடியில் வைத்திருந்தது. போரில் தோற்று ஊர் திரும்பிய ஜப்பானியர்கள் அங்கே கண்ட ஜியாவ்ஸியைத் தங்கள் ஊரில் செய்யத் தொடங்கினார்கள். அதுவே இன்று ஜப்பானில் எல்லாரும் விரும்பும் கியோஸா. நீரில் வேகவைப்பதை விட்டு ஒரு பக்கம் மட்டும் முறுக வாட்டி எடுக்கிறார்கள். சுவையான மாற்றம்தான். ஆனால் அந்தப் பண்டத்தைச் செய்த மக்கள் ஜப்பானிய ஆட்சியில் பட்ட பாட்டைச் சரித்திரத்தில் படிப்பவர்களுக்கு அந்தக் கியோஸா தொண்டையில் சற்றே நிற்கும்.

எனவே எங்கள் கட்சி இப்போது மாறிவிட்டது. பர்கரும் மோமோவும் நம் பண்பாட்டைக் கெடுக்கும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. வாழைப்பூ வடையைப் பன்னுக்குள் வைத்த தாயார் எதையும் கெடுக்கவில்லை. தம் கைமுறையை மறைத்து வைத்து, கேட்டால் ஒரு சாமானை விட்டுவிட்டுச் சொல்லும் மகராசிகளையும் நாங்கள் ஏற்கவில்லை (எங்கள் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்). அன்று நடந்தது போல நேருக்கு நேர் நின்று, என்னுடையது இது, உன்னுடையதைக் காட்டு என்று மாற்றிக்கொள்வதே முறை. அப்படி மாற்றிக்கொள்ளும்போது எதிரில் நிற்பவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது பண்டத்தின் பெயர் அன்று.

சந்தையில் மூன்றையும் விற்றோம். மோமோ முதலில் தீர்ந்தது, கொழுக்கட்டை அடுத்து. பர்கரில் பத்துப் பதினைந்து மிஞ்சியதை நாங்களே தின்று கணக்கை நேர் செய்தோம். தோழியிடம் தனித்தனியே போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “என் பெயரை ஒழுங்காகச் சொல்லிப் பழகுங்கள்” என்றாள், அவ்வளவுதான். அதில் வரும் ஓர் எழுத்து எங்களுக்கு இன்னும் சரியாக வரவில்லை. ழகரத்தில் அவள் பட்ட பாடு இப்போது புரிகிறது.

திங்கட்கிழமைகளில் அவள் வீட்டு அச்சார் எங்கள் பெஞ்சுக்கு வருகிறது. எங்கள் பங்குக்கு இட்லி மிளகாய்ப்பொடி போகிறது. மோமோவுக்கு அது பொருத்தம் என்று அவள் அம்மாவே சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு பேர் மட்டும் இன்னும் பழைய பெயரால் கூப்பிடுகிறார்கள். அந்த இருவருக்கும் அச்சார் கிடையாது என்று முடிவு செய்திருக்கிறோம்.